கூரை மடங்கும் கார்

ஜனவரி 20, சனி

காலையில் பனி. பத்து மணிக்கு மேல்தான் வெயில். தரம் எட்டு விடைத்தாள்கள் பாதி திருத்தியாயிற்று. மீதி நாளை. (பொய். நாளை துணி துவைக்கிற நாள்.)

கௌசி போன் பண்ணினாள். டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். குழந்தை கீழே இறங்கியிருக்கிறது, வளைவுப் பாதையில் எங்கேயும் பயணம் கூடாது. ஆகவே என் மகள் பிரசவத்துக்குக் கண்டிக்கு, தாய் வீட்டுக்கு வரப்போவதில்லை. வளைகாப்பும் அங்கேயேதான். ஹுன்னஸ்கிரியவில், மாப்பிள்ளைக்குத் தோட்டத்தில் கொடுத்திருக்கிற குவார்ட்டர்ஸில். மார்ச் மூன்று, ஞாயிறு.

முதல் வளையல் போட வேண்டியவள் நான். அந்த வீட்டு வாசலை இன்னும் பார்த்ததில்லை.

அவளுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம். மறுவீட்டுக்கு வேனில் புறப்பட்டேன். தெல்தெனியவோடு சரி. கொண்டுபோன பொலித்தீன் பை எல்லாம் தீர்ந்து, கண் இருட்டி, ரோட்டோரக் கடை பெஞ்சில் படுக்க வைத்துவிட்டார்கள். அங்கிருந்து திரும்பினோம். பஸ், வேன், கார், எதுவானாலும் இரண்டு வளைவு தாண்டினால் என் வயிறு வாய்க்கு வந்துவிடும். ரயிலில் மட்டும் வராது. பள்ளிக்கூடமும் நடந்து போகிற தூரத்தில் என்றுதான் கேட்டு வாங்கினேன். தண்டவாளம் போகாத ஊர் எனக்கு ஊரே இல்லை. ஹுன்னஸ்கிரியவுக்கு எந்தக் காலத்தில் தண்டவாளம் போட்டார்கள்.

கௌசி பேசும்போது பின்னால் அவள் மாமியார் குரல் நன்றாகவே கேட்டது. "அதுக்கென்ன, அம்மாவுக்கு வீடியோ கோல் போட்டுக்கலாம்."

மறுவீட்டையும் வீடியோவில்தான் பார்த்தேன். சீலிங்கும் யாரோ ஒருவரின் முழங்கையும் தெரிந்தன.

சம்பந்தியம்மா என்று நீட்டி எழுதக் கை வலிக்கிறது. இனி ச.அ.


ஜனவரி 21, ஞாயிறு

துணி காயவில்லை. எரிச்சல்.

இவர் தேநீரை உறிஞ்சிக்கொண்டே திடீரென்று கேட்டார். "பைக்குல போனப்ப மட்டும் ஒனக்கு ஏன் ஒண்ணும் வரல?"

கேள்வி நியாயம்தான். தபால் கந்தோரில் வேலை பார்த்த காலம் முழுக்க இவருக்கு ஒரு பைக் இருந்தது. அதன் பின்னால் உட்கார்ந்து ஹந்தானை மேடு வரைக்கும் போயிருக்கிறேன், தலைகூடச் சுற்றியதில்லை. கட்டுகஸ்தோட்டையில் சறுக்கி விழுந்து இடது முழங்காலை ஒப்பரேஷன் செய்த பிறகு பைக்கை விற்றாயிற்று.

"வெளிக்காத்து," என்றார். "அதான் விசயம். ஒனக்கு வாகனம் ஆகாதுன்னு இல்ல, கூரைதான் ஆகாது."

சொல்லிவிட்டுப் போனை நீட்டினார். ஒரு கார். கூரை இல்லை. எங்கேயோ மோதிய கார் என்று நினைத்துப் பாவப்பட்டேன். அது அப்படித்தான் இருக்குமாம். ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், வேண்டும்போது கூரையை மடித்துக்கொள்ளலாம். கடுகண்ணாவையில் விற்பனைக்கு. கூரைத் துணி கிழிந்திருக்கிறது, அதோடு இரண்டே ஸீட். இந்த நாட்டில் இரண்டு ஸீட் காரை யார் வாங்குவார்கள்? அதனால் பழைய திரீவீல் ஒன்றின் விலைக்குக் கொடுக்கிறாராம்.

இருபத்தெட்டு வருடமாக எதைக் கேட்டாலும் "பாப்போம்" என்று சொல்லும் மனிதர். ஒரு ஃபேன் வாங்க மூன்று கோடை பார்த்தவர். இவருக்கு என்ன பிடித்தது?

நான் சொன்னவை: பைத்தியமா. கண்டி மழையில் கூரையில்லாத காரா. வயது என்ன. ஊர் சிரிக்கும். முழங்கால் என்ன ஆகும். சேலையோடு நான் எப்படி ஏறுவது.

அவர் சொன்னது: "சும்மா பாத்துட்டு வருவோம்."


ஜனவரி 27, சனி

பார்க்கத்தான் போனோம். வாங்கிவிட்டோம்.

கடுகண்ணாவைக்கு ரயிலில். நல்ல வெயில், கடலைக்காரன், ஜன்னல் ஸீட். ஸ்டேஷனிலிருந்து நடை.

விற்கிறவர் ஒரு சிங்களப் பெரியவர். பலா மரத்தடியில் நிறுத்தி வைத்திருந்தார். ஒரு காலத்தில் சிவப்பாம். இப்போது வெயில் குடித்து ரோஸ். முன் விளக்குகள் பொனெட்டுக்குள் ஒளிந்திருக்கின்றன, சுவிட்சைப் போட்டால் இமை மாதிரி எழும்புகின்றன. ஒன்று எழும்பியது. மற்றதைக் கையால் தூக்கிவிட்டார். ஸீட்டில் இரண்டு கோழி இறகு.

முதுகு வலி வந்த பிறகு தன்னால் உள்ளே இறங்கவே முடிவதில்லை என்றார். காரைத் தடவிக்கொண்டே பேசினார். அவருடைய நோனாவோ எங்களுக்குத் தேநீர், கேக், வாழைப்பழம் என்று கொண்டுவந்து அடுக்கினார். அந்தக் கார் போகிற சந்தோஷத்தை மறைக்கவேயில்லை அந்த அம்மா.

உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்கள். உட்காரவில்லை, விழுந்தேன். ஸீட் தரையோடு இருக்கிறது. திரும்ப எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஆனால் உள்ளே இருந்த அந்தக் கொஞ்ச நேரம் தலைக்கு மேல் பலா இலை, அதற்கு மேல் ஆகாயம். ரெக்ஸின் நாற்றம் இல்லை, அடைப்பு இல்லை. என் வயிறு வாயைத் திறக்கவில்லை.

எனக்குப் பிடித்துவிட்டது. இதை இவரிடம் சொல்லவில்லை.

இவர் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் ரயிலில் வந்தேன். முதல் நாளே அதை நாறடிப்பானேன். கார் வாங்கிவிட்டு ரயிலில் வீடு திரும்பியவள் இலங்கையில் நான் ஒருத்திதான் இருப்பேன்.


ஜனவரி 28, ஞாயிறு

பிள்ளையார் கோவிலில் பூசை. நான்கு டயருக்கும் நான்கு தேசிக்காய், நசுக்கியாயிற்று. ஐயர் ஐந்தாவதைக் கொடுத்தார், முன்னால் கட்ட. அதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். எங்கே போனாலும் ஒரு தேசிக்காய் இல்லாமல் நான் வாசல் தாண்டுவதில்லை. நகத்தால் கீறி முகர்ந்துகொண்டே போனால் கொஞ்சத் தூரம் தாங்கும்.

அஸ்கிரிய மேட்டில் எங்கள் ஒழுங்கையில் அத்தனை வீடும் வேடிக்கை பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரர்: "ரெண்டு ஸீட்டா? அப்ப மத்தவங்க?" எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு பேர். மற்றவர்கள் யார் என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். தம்பி மனைவி போனில் குத்தலாக, எங்களை ஏற்றக்கூடாது என்றே பார்த்து வாங்கினீர்களா அண்ணி என்றாள். அவள் வீட்டு வேனில் பன்னிரண்டு பேர் ஏறுவார்கள், எல்லோர் மடியிலும் நான் வாந்தி எடுத்திருக்கிறேன்.

கௌசிக்குச் சொல்லவில்லை. நடக்கட்டும், பிறகு பார்க்கலாம்.


பிப்ரவரி 3, சனி

பகல் முழுக்க மழை. காருக்குள் தண்ணீர். ரப்பர் பாயை எடுத்துப் பிழிந்தோம். இரண்டு பழைய சேலையால் மூடிப் பார்த்தேன், சேலை போனதுதான் மிச்சம்.

புதுக் கூரைத் துணி கொழும்பில்கூடக் கிடைக்காதாம். வந்தாலும் காரின் விலை கேட்பார்களாம். கடைசியில் திரீவீலுக்கு ஹூட் தைக்கிற ரிஸ்வானிடம் ஒப்படைத்தாயிற்று. என்னிடம் படித்தவன்தான். அப்போதே கை வேலை சுத்தம், எழுத்துதான் கிறுக்கல். "டீச்சர், இனி ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்கு வந்தா எனக்கிட்ட கேளுங்க," என்றான்.


பிப்ரவரி 6, செவ்வாய்

ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. உண்மை. சொன்ன சொல் தவறவில்லை ரிஸ்வான்.

கறுப்பு ரெக்ஸின். ஓரம் முழுக்க வெள்ளை வார். பின்னால் தெளிவான பிளாஸ்டிக் ஜன்னல். சுற்றிவர நெருக்க நெருக்க ரிவெட். அடித்தால் தவில் மாதிரிச் சத்தம் கேட்கும், அவ்வளவு இறுக்கம். பரிசாக இரண்டு பக்கமும் குஞ்சம்.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. மெல்லக் கேட்டார், இதை எப்படித் தம்பி திறக்கிறது?

ரிஸ்வான் எங்களைப் பார்த்தான். நாங்கள் அவனைப் பார்த்தோம். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னான். "தொறக்கணும்டு நீங்க சொல்லல்லயே ஸேர். மழ வருதுன்டுதானே சொன்னீங்க."

அவன் மேல் என்ன பிழை? அவன் வாழ்நாளில் ஹூட்டைத் திறக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை. ஹூட் ஒழுகுகிறது என்றுதான் வருவார்கள். நாங்களும் மழையைப் பற்றியே அரை மணி நேரம் பேசியிருக்கிறோம். கடைக்கு வந்திருந்த திரீவீல்காரர் ஒருவர் தலையிட்டு, நல்ல ஹூட்டைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், திறந்து வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று சிங்களத்தில் புத்தி சொன்னார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. கூரை மடங்குகிறது என்று ஒரு கார் வாங்கி, அதற்கு மடங்காத கூரை போட்ட ஆட்கள் நாங்கள். மூடிய காரில் ஏறுவதற்கு நான் எதற்கு இவ்வளவு பாடுபட வேண்டும்? வேனே போதுமே.

ரிவெட்டைக் கழற்றி, ஸிப் வைத்து, வார்ப்பட்டி போட்டுத் தருகிறேன் என்றான். குஞ்சம் வேண்டாம் என்றேன். முகம் வாடிவிட்டது. சரி, ஒன்று இருக்கட்டும் என்றேன்.


பிப்ரவரி 9, வெள்ளி

ஹூட் மடங்குகிறது. ஸ்கூல் பேக்குக்குப் போடுகிற ஸிப். மடக்க ஒருவர் போதும். மூட இரண்டு பேர் வேண்டும், ஒருவர் இழுக்க ஒருவர் பட்டி மாட்ட. அதுவும் நல்லதுதான், சண்டை போட்டுக்கொண்டு போனால் நனைய வேண்டியதுதான்.

நாளை ஒத்திகை. தெல்தெனிய தாண்டிவிட்டால் மீதியும் தாண்டலாம் என்கிறார். இன்றைக்கு முருங்கைக்காய்க் குழம்பு வேண்டாம், வயிற்றுக்கு லேசாக இருக்கட்டும்.


பிப்ரவரி 10, சனி

வெயில். நீல வானம். எல்லாம் சரியாக இருந்தது. நான்தான் சரியில்லை.

காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். தலையில் ஸ்கார்ஃப், கையில் தேசிக்காய். தென்னகும்புர பாலத்தில் ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது. குண்டசாலை, பல்லேகல. ஒன்றும் இல்லை. பஸ்ஸில் போகிற பிள்ளைகள் கை காட்டினார்கள், நானும் காட்டினேன். கல்யாணமான புதிதில் பைக்கில் போனபோது பாடிய பாட்டைக்கூட முணுமுணுத்தேன். இவர் என்னைப் பார்க்காமல் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஓட்டினார்.

திகன தாண்டியதும் வாயில் எச்சில் ஊறியது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். அடுத்த வளைவு. அதற்கடுத்தது. தெல்தெனியவுக்கு முன்னாலேயே நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினேன்.

நீர்த்தேக்கம் தெரிகிற இடம். எல்லாரும் இறங்கி போட்டோ எடுக்கிற இடம். நான் அங்கே குனிந்து நின்று குடல் வெளியே வருகிற மாதிரி எடுத்தேன். கூரையில் ஒன்றும் இல்லை. காற்றில் ஒன்றும் இல்லை. கோளாறு என்னிடம்தான்.

அழுதேன். இவ்வளவு காலமும் இதற்காக அழுததில்லை, சிரித்துத்தான் சமாளித்திருக்கிறேன். இன்று உட்கார்ந்து அழுதேன். மகள் வயிற்றில் பிள்ளையோடு அந்த மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், நான் இந்தப் பக்கம் ரோட்டில் வாந்தி எடுத்துக்கொண்டு நிற்கிறேன். இவர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பாப்போம்" என்றுகூடச் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் குண்டசாலையில் ரோட்டு வேலை. ஊர்ந்து ஊர்ந்து. இந்தக் காரின் கிளட்ச் கல் மாதிரி. இவர் இடது காலால் மிதிக்கிறார், விடுகிறார், மிதிக்கிறார். நெற்றியில் வேர்வை. ஒரு கடையோரம் நிறுத்திவிட்டார். முழங்கால் வீங்கிப்போயிருந்தது. இனி ஒரு தடவைகூட மிதிக்க ஏலாது என்றார்.

ஸ்கார்ஃபை நனைத்து முழங்காலில் சுற்றிவிட்டேன்.

"ஒன் லைசன் பேக்லதான இருக்கு?" என்றார்.

இருக்கிறது. கௌசி கைக்குழந்தையாக இருந்தபோது ஸ்டாஃப் ரூமில் ஆறு டீச்சர்கள் சேர்ந்து எடுத்தோம், ஒருத்தி எடுக்கிறாள் என்று மற்றவர்களும். அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அடையாள அட்டையை மறந்துபோகிற நாட்களில் வங்கியில் காட்டுவேன். காலம் முடிய முடியப் புதுப்பித்தும் வந்திருக்கிறேன், ஏன் என்று கேட்டால் தெரியாது.

இஞ்சின் இரண்டு தடவை அணைந்தது. பின்னால் பஸ்காரன் ஹோர்னில் கையை வைத்தவன் எடுக்கவேயில்லை. ஒருவர் எட்டிப் பார்த்து, நோனா ரேஸுக்கா என்றார். எப்படியோ பாலம் வந்தது, டவுன் வந்தது, எங்கள் மேடு வந்தது. மேட்டில் ஒரு தரம் பின்னால் உருண்டு, இவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மறுபடி ஏற்றி, கேட்டுக்கு முன்னால் கோணலாக நிறுத்தினேன்.

இவருக்கு எண்ணெய் தடவி, சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்து, சோறு வடித்து, ரசம் வைத்து, இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

பிறகுதான் நினைவு வந்தது. இரண்டு தட்டு. காலையில் அப்படி எடுத்தவள். வழக்கமாக அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் படுக்கையில் கிடப்பேனே.


பிப்ரவரி 11, ஞாயிறு

விடிந்ததும் இவரை எழுப்பி உட்கார வைத்துக் கேட்டேன், எந்த இடத்திலிருந்து எனக்குத் தலைச்சுற்று நின்றது. யோசித்தார். "நீ ஓட்டத் தொடங்கினதுல இருந்து வாயத் தொறந்து என்னையத் திட்டிட்டுத்தான வந்த. அதுக்கு முந்தி பேச்சே இல்ல."

அன்றைக்கு ஓட்டப் பழகிய காலத்தை நினைத்துப் பார்த்தேன். வாவியைச் சுற்றிச் சுற்றி. மாஸ்டர் பக்கத்தில். ஒரு நாளும் வயிறு புரட்டியதில்லை. வளைவு இல்லாததால் என்று நினைத்துவிட்டேன். வாவிக்கரையில் வளைவு இல்லையாம். என்னவொரு டீச்சர்.

பைக்கிலும் அப்படித்தானே. இவர் தோளுக்கு மேலால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, வளைவில் இவரோடு சேர்ந்து சாய்வேன். காரில் சும்மா மூட்டை மாதிரி உட்கார்ந்தால் அது எங்கே திரும்புகிறது என்று வயிற்றுக்கு எப்படித் தெரியும்?

சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதான். வாவியைச் சுற்றி மூன்று தடவை ஓட்டினேன். அரண்டுபோன அணில் மாதிரி ஓட்டினேன், ஆனால் வயிறு கம்மென்று இருந்தது.

வீட்டுக்கு வந்து கலண்டரைப் பார்த்தேன். வளைகாப்புக்கு மூன்று வாரம்.


பிப்ரவரி 14, புதன்

மழை இல்லை. பள்ளி விட்டதும் பல்லேகலப் பக்கம் அகன்ற ரோட்டில் ஓட்டம். இவர் எங்கிருந்தோ ஒரு L போர்ட் வாங்கி வந்து முன்னும் பின்னும் கட்டிவிட்டார். எனக்கு லைசன் இருக்கிறது, இதெல்லாம் எதற்கு என்று சத்தம் போட்டேன். பஸ்காரர்களுக்கு லைசன் தெரியாது, L தான் தெரியும் என்றார். வேலை செய்கிறது. ஒதுங்கிப் போகிறார்கள்.

ஸ்போர்ட்ஸ் காரில் L போர்ட், சேலை கட்டிய அம்மா, ஒற்றைக் குஞ்சம். தரம் பத்துப் பையன்கள் பார்த்துவிட்டார்கள். நாளை வகுப்பில் என்ன பெயர் விழுமோ.


பிப்ரவரி 18, ஞாயிறு

திகன வரை நான் ஓட்டினேன். ஒன்றும் இல்லை.

மேட்டில் நிறுத்தி எடுப்பது மட்டும் இன்னும் பயம். எங்கள் ஒழுங்கையில் பின்னால் உருண்டு பக்கத்து வீட்டுச் செம்பருத்தியை முறித்துவிட்டேன். மன்னிப்பாக ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தேன். அவர் இப்போது நான் வருகிற சத்தம் கேட்டால் பேரனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார்.

இவர் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிக்கிறார். சிரிப்பாக இருக்கிறது. இத்தனை வருடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனவர்.


பிப்ரவரி 24, சனி

தெல்தெனிய! கடந்தேன்.

அந்தக் கடை பெஞ்ச் இருக்கிறது. மறுவீட்டன்று என்னைப் படுக்க வைத்த அதே பெஞ்ச். நிறுத்தி, அதில் நிமிர்ந்து உட்கார்ந்து தேநீர் குடித்தேன். கடைக்கார அம்மாவுக்கு என்னை ஞாபகம் இல்லை. எனக்கு அது போதும்.

அதற்கு மேல் போகவில்லை. மேலே மேகம் இறங்கியிருந்தது. இவரும் கொஞ்சம் மௌனமாக இருந்தார். முழங்கால் என்று நினைக்கிறேன்.


மார்ச் 1, வெள்ளி

கௌசி அழுதாள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இந்த நேரத்தில் அப்படித்தான். "நீ இல்லாம எனக்கு எதுக்கும்மா வளையல்" என்றாள். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். நான் வருகிறேன் என்று சொல்லி, மேடு ஏறாமல் கார் நின்றுவிட்டால் அந்தப் பிள்ளை தாங்குமா.

ச.அ. போனை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை போனை நல்லாச் சார்ஜ் போட்டு வச்சுக்குங்க என்றார். போட்டு வைக்கிறேன் என்றேன்.


மார்ச் 2, சனி

வளையல், கண்ணாடி, பச்சையும் சிவப்பும். சந்தனம், குங்குமம். பட்டுச் சேலை. புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல், ஐந்து டப்பா. பூ, காலையில் சந்தையில். பெட்ரோல், டயர் காற்று. திங்கள் லீவு, கேட்டாயிற்று.

காரின் டிக்கியில் ஒரு சூட்கேஸ்தான் போகும். மீதி எல்லாம் இவர் மடியில்.

பயமாக இருக்கிறது. தெல்தெனியவுக்கு அப்பால் எனக்கு அந்த ரோடு தெரியாது.


மார்ச் 3, ஞாயிறு. ஹுன்னஸ்கிரிய

கௌசியின் அறையில் இருந்து எழுதுகிறேன். ஜன்னலில் தேயிலை. பின்னேர வெயில் வந்திருக்கிறது, காலையில் எங்கே போயிருந்ததோ.

ஐந்தரைக்குப் புறப்பட்டோம், கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு. தெல்தெனிய வரை பழகிய பாதை. அதற்கு மேல் ரோடு சுருண்டு சுருண்டு ஏறுகிறது. இரண்டாம் கியர், ஹோர்ன், மூன்றாம் கியர், திரும்ப இரண்டு. வயிற்றில் புளியைக் கரைத்தது, ஆனால் அது பயத்தில். அந்த மற்றது இல்லை. ஒவ்வொரு வளைவும் வருவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்தது. இத்தனை காலமும் வளைவுகள்தான் என்னைத் திருப்பின. இன்று நான் திருப்பினேன்.

மெதமஹநுவர தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஓரமாக நிறுத்தி, ஹூட்டை நான் இழுக்க இவர் பட்டியை மாட்டினார். ரிஸ்வான் வாழ்க, ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் எல்லாப் பக்கமும் மூடிவிட்டது. ரெக்ஸின் நாற்றம். நான் எந்தக் கூரைக்குப் பயந்து இதையெல்லாம் தொடங்கினேனோ அதே கூரைக்குள் உட்கார்ந்திருந்தேன். கை தானாகத் தேசிக்காயைத் தேடியது. முகர்ந்தேன். தேவைப்படவில்லை. டாஷ்போர்டில் வைத்தேன்.

மூடுபனி. விளக்கைப் போட்டால் ஒன்றுதான் எழும்பியது. அந்த ஒற்றைக் கண்ணோடு ஊர்ந்தேன். தோட்டத்து ரோடு திரும்புகிற இடத்தில் செங்குத்து மேடு, எதிரே கொழுந்து லொறி. நிறுத்த வேண்டியதாயிற்று. ஹேண்ட்பிரேக், பாதி கிளட்ச், மூச்சைப் பிடித்து. உருளவில்லை. ஏறிவிட்டது. லொறிக்காரர் L போர்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்தில் சிரிப்பு இல்லை. திரும்பிப் பார்த்தேன். இவர் மடியில் வளையல் தட்டு, அதன் மேல் ஐந்து டப்பா, அதன் மேல் பூ. அதற்கு மேல் இவர் முகம், வெளுத்து, வேர்த்து, உதட்டை இறுக்கி.

"என்னங்க?"

தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறக்கவில்லை. அந்த அடையாளம் எனக்குத் தெரியாதா. டாஷ்போர்டில் இருந்த தேசிக்காயை எடுத்துக் கையில் கொடுத்தேன். பைத்தியம், தெல்தெனிய போன அன்றிலிருந்தே இப்படி இருந்திருக்கிறது, முழங்கால் என்று நினைத்தேனே. சொன்னால் நான் வண்டியை நிறுத்திவிடுவேன் என்று சொல்லவில்லையாம். குவார்ட்டர்ஸ் கேட்டில் நிறுத்தியதும் தட்டை என் கையில் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, வேலியோரம் போய்க் குனிந்துகொண்டார்.

கார்ச் சத்தம் கேட்டு எல்லாரும் வெளியே. மாப்பிள்ளை குடையோடு ஓடி வந்தார். ச.அ. கையில் போன், எனக்கு வீடியோ கோல் போட. என் கைப்பைக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

கௌசி கதவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வயிறு முன்னால், அவள் பின்னால். இடது பக்கம் ஆள் இல்லை. வலது பக்கக் கதவு திறந்து நான் எழும்பப் பார்க்கிறேன், எழும்ப முடியவில்லை, அந்த ஸீட்.

"அம்மா," என்றாள். அப்புறம், "நீயா ஓட்டிட்டு வந்த?"

மாப்பிள்ளை தட்டை வாங்கிக்கொண்டு கை கொடுத்து எழுப்பிவிட்டார். மழையில் நின்று அவள் வயிற்றின் மேல் கையை வைத்தேன். உதைத்தது.

முதல் வளையல் நான் போட்டேன். பச்சை.

பிறகு நடந்தவை: புளிச்சோறு போதவில்லை. ச.அ. நன்றாகத்தான் கவனித்தார், சும்மா சொல்லக் கூடாது, கௌசி கட்டிலுக்குப் புது மெத்தை போட்டிருக்கிறார். சாப்பாடு முடிந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நானும் தயாரானேன். "ரெண்டு ஸீட்தான்ல... நாளைக்கிப் போறப்ப அந்தச் சந்தி வரைக்கும் என்னையும் ஒரு வட்டம் கூட்டிட்டுப் போறீங்களா? கூரையத் தொறந்து?"

போகலாம் என்றேன். அதுவரை இவர் நடக்கட்டும்.

இனிச் சனிக்கிழமை தவறாமல் வருகிறேன் என்று கௌசியிடம் சொல்லியாயிற்று. குழந்தை பிறக்கிற வரைக்கும், பிறந்த பிறகும். ஹோலில் இவர் சுருண்டு படுத்திருக்கிறார், கஞ்சி போதும் என்கிறார்.

நாளைக்கு: ஹூட்டைக் காய வைக்க. வலது விளக்கைக் கையால் தூக்கிவிட. பொலித்தீன் பை. ச.அ.விடம் தேசிக்காய் இரண்டு கேட்டு வாங்க, இவருக்கு.